ஐஸ் ஹாக்கி பார்ப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஐஸ் ஹாக்கி பார்க்க உட்காருபவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே பதில் தந்திருக்கிறோம். விதிகள் வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் உள்ளபடி. உலகப் போட்டிகளில் மாறுபட்டால் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

பக் கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. இதை எப்படித்தான் பார்க்கிறாங்க?

பழகியவர்களுக்கும் எல்லா நேரமும் தெரிவதில்லை. 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள கறுப்பு ரப்பர் வட்டு அது. ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். 1996இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, பக்குக்குள் மின்னணுக் கருவி வைத்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளி காட்டியது. பழைய ரசிகர்கள் கடுப்பானார்கள், 1998க்குப் பிறகு அந்த ஒளி போய்விட்டது.

பக்கைத் துரத்த வேண்டாம், ஆட்களைப் பாருங்கள். பக் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் பத்து பேரின் தோளும் திரும்பும். முற்றிலும் தொலைத்துவிட்டால் கோல்கீப்பரைப் பாருங்கள். அவர் மார்பு எப்போதும் பக்கை நோக்கியே இருக்கும், அந்தத் திசையில் கண்ணை ஓட்டினால் பக் அகப்பட்டுவிடும். சில ஆட்டங்கள் பார்த்த பிறகு இது தானாகவே வந்துவிடும்.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் ஒன்று செய்யலாம். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். வேகமாகப் போகும் சிறிய பொருளை அது அடிக்கடி அழித்துவிடுகிறது. கைபேசித் திரையில் முதல் ஆட்டத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

60 நிமிஷ ஆட்டம்னு சொல்றாங்க, ஆனா ரெண்டரை மணி நேரம் ஓடுதே?

20 நிமிடப் பீரியட்கள் மூன்று. விசில் அடித்தால் கடிகாரம் நிற்கும், ஆட்டம் தொடங்கினால்தான் மறுபடி ஓடும். இடையில் இரண்டு இடைவேளைகள்: என்.எச்.எல்.லில் 18 நிமிடம், உலகப் போட்டிகளில் 15. விளம்பர நிறுத்தங்கள் தனி.

இடைவேளையில் ஸாம்போனி என்ற வண்டி வந்து பனியின் மேல்தோலைச் சீவி, வெந்நீரை மெல்லிய படலமாக ஊற்றிவிட்டுப் போகும். இதைச் சும்மா வேடிக்கையாக நினைக்க வேண்டாம். பீரியட் தொடங்கும்போது தளம் கண்ணாடி மாதிரி இருப்பதால் நீளமான பாஸ்கள் ஒட்டிக்கொள்ளும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஸ்கேட் கீறல்களும் பனித்தூளும் சேர்ந்து பக் துள்ள ஆரம்பிக்கும். அப்போது அணிகள் ஆட்டத்தை எளிமையாக்கிக்கொள்வதைக் கவனிக்கலாம். துள்ளலைக் குறைக்கத்தான் பக்குகளை ஆட்டத்துக்கு முன் உறைய வைக்கிறார்கள்.

தரையில இத்தனை கோடு, வட்டம் எதுக்கு?

முதல் நாளில் இரண்டு நீலக் கோடுகளை மட்டும் மனதில் வைத்தால் போதும். 200 அடி நீளம், 85 அடி அகலம் உள்ள தளத்தை அவை மூன்றாகப் பிரிக்கின்றன: நம் எல்லை, நடுப்பகுதி, எதிரணி எல்லை. ஆட்டத்தின் பெரிய முடிவுகள் எல்லாம் எதிரணியின் நீலக் கோட்டில்தான் நடக்கின்றன. அதைத் தாண்டும்போது பக் யாருடைய கையில் இருக்கிறது, என்ன வேகத்தில் நுழைகிறார்கள் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பது.

நட்டநடுவில் இருப்பது சிவப்புக் கோடு, அது ஐசிங் என்ற விதிக்குத் தேவை, அதைப் பின்னால் சொல்கிறோம். புள்ளிகள் மொத்தம் ஒன்பது, நட்டநடுவில் உள்ளது நீலம், மற்ற எட்டும் சிவப்பு. நடுவர் பக்கைப் போட, இரு அணியிலும் ஒவ்வொருவர் அதற்குப் போட்டியிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்-ஆஃப் நடக்கும் இடங்கள் அவை. கோலுக்கு முன்னால் உள்ள நீலப் பகுதி கோல்கீப்பரின் இடம், க்ரீஸ் என்பார்கள். உலகப் போட்டித் தளங்கள் 60 மீட்டர் நீளம், 26 முதல் 30 மீட்டர் அகலம். அகலம் கூடினால் மோதல் குறைந்து பாஸ் அதிகமாகும்.

எத்தனை பேர் ஆடுறாங்க? நிமிஷத்துக்கு நிமிஷம் ஆள் மாறிட்டே இருக்காங்களே?

ஒரு அணிக்கு ஆறு பேர்: கோல்கீப்பர், இரண்டு தடுப்பு வீரர்கள், மூன்று முன்கள வீரர்கள். முன்கள வீரர்களில் நடுவில் ஒருவர், இரு ஓரங்களிலும் ஒவ்வொருவர். பெஞ்சில் இருப்பவர்களையும் சேர்த்தால் என்.எச்.எல்.லில் 18 வீரர்கள், 2 கோல்கீப்பர்கள். முன்கள வீரர்கள் மும்மூன்று பேராக நான்கு லைன்களாகவும் தடுப்பு வீரர்கள் இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடிகளாகவும் சுழன்று வருவார்கள்.

ஒருவர் தளத்தில் இருக்கும் நேரம் ஒரு ஷிஃப்ட். ஏறத்தாழ 45 விநாடிதான். அதற்குமேல் முழு வேகத்தில் ஸ்கேட் செய்ய உடம்பு ஒத்துழைக்காது. ஆட்டம் நிற்காமலே ஆள் மாற்றலாம். வெளியேறுபவர் பெஞ்சுக்கு 5 அடிக்குள் வந்த பிறகே புதியவர் ஆட்டத்தில் தலையிடலாம். முந்தினால் ஆள் அதிகம் என்று 2 நிமிடத் தண்டனை. அனுபவமுள்ள அணிகளே இதில் அடிக்கடி மாட்டுகின்றன.

பக்கை எதிரணி மூலைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆள் மாற்றுவார்கள். தங்கள் எல்லையில் சிக்கிக்கொண்டால் மாற்ற வழியே இல்லை. ஒரே ஐந்து பேர் ஒரு நிமிடத்துக்கும் மேல் தடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் முழங்காலில் கை ஊன்றுவதைப் பார்க்கலாம். கோல் வரப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி கிடையாது. ஆட்டம் நின்றிருக்கும் வேளையில் விருந்தாளி அணி முதலில் ஆள் மாற்ற வேண்டும், சொந்த மண்ணின் அணி அதைப் பார்த்துவிட்டு மாற்றும். எதிரணியின் நட்சத்திரத்துக்கு எதிராகத் தன் சிறந்த தடுப்பு ஜோடியை இறக்குவது இப்படித்தான்.

ஆஃப்சைடு ஒரு வரியில சொல்லுங்க.

எதிரணியின் நீலக் கோட்டை ஆட்களுக்கு முன் பக் தாண்ட வேண்டும்.

கால்பந்தில் ஆஃப்சைடு தடுப்பாட்டக்காரர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது, இங்கே கோட்டை மட்டும் பொறுத்தது. இரண்டு ஸ்கேட்டும் கோட்டை முழுதாகத் தாண்டினால்தான் ஆள் உள்ளே போனதாகக் கணக்கு. ஒரு கால் கோட்டின்மேல் இருந்தாலும் தப்பு இல்லை. 2020-21 பருவத்திலிருந்து என்.எச்.எல்.லில் அந்தக் கால் பனியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, கோட்டுக்கு நேர் மேலே காற்றில் இருந்தாலும் போதும். ஓரங்களில் வீரர்கள் கோட்டின் மேல் காலை இழுத்துக்கொண்டு காத்திருப்பது இதற்காகத்தான்.

ஆள் முந்திவிட்டார், பக் பின்னால் நுழைந்துவிட்டது, ஆனால் அவர் அணி அதைத் தொடவில்லை என்றால் கோட்டு நடுவர் கையை மட்டும் உயர்த்துவார். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியே வந்து கோட்டைத் தொட்டுவிட்டால் கை இறங்கும், ஆட்டம் தொடரும்.

ஐசிங்னா என்ன? ஏன் சில நேரம் மட்டும் விசில் அடிக்கிறாங்க?

நடுச் சிவப்புக் கோட்டுக்குத் தன் பக்கத்தில் இருந்து அடித்த பக், யார் மேலும் படாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் ஐசிங். அழுத்தம் தாங்காமல் பக்கை வெறுமனே அடித்து அனுப்புவதைத் தடுக்க வந்த விதி. தண்டனை இரண்டு: ஃபேஸ்-ஆஃப் அடித்த அணியின் எல்லையிலேயே நடக்கும், அந்த அணி ஆள் மாற்றக் கூடாது. களைத்த ஐந்து பேரும் அங்கேயே நிற்க வேண்டும் என்பதுதான் பெரிய அடி.

விசில் வராததற்குக் காரணங்கள் உண்டு. பக்கைத் துரத்தும் இருவரில் யார் முந்துகிறார் என்பதைக் கோல் கோட்டில் அல்ல, எல்லைக்குள் உள்ள ஃபேஸ்-ஆஃப் புள்ளியருகே தீர்மானிப்பார்கள். அடித்த அணிக்காரர் முந்தினால் ஐசிங் கிடையாது. தளத்தைச் சுற்றியுள்ள பலகையில் முழு வேகத்தில் மோதிக் காயமடைவதைத் தவிர்க்க 2013-14இல் என்.எச்.எல். கொண்டுவந்த முறை இது. கோல்கீப்பர் வெளியே வந்து பக்கை ஆட முற்பட்டாலும் ஐசிங் இல்லை. தண்டனையால் ஆள் குறைந்த அணி எங்கிருந்து வேண்டுமானாலும் அடிக்கலாம்.

பவர் பிளேன்னா கிரிக்கெட்ல வர்ற மாதிரியா?

பெயர் மட்டும்தான் ஒன்று. தவறு செய்தவர் பெனால்டி பாக்ஸில் உட்காருவார், அவர் அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்கு அதுதான் பவர் பிளே. காலை வாருதல், ஸ்டிக்கால் கொக்கி போடுதல், பிடித்திழுத்தல், ஸ்டிக்கால் அடித்தல், பக் இல்லாதவரைத் தடுத்தல் போன்றவற்றுக்கு 2 நிமிடம். ஸ்டிக் உயர்ந்து முகத்தில் பட்டு ரத்தம் வந்தால் 4. ஆபத்தான மோதலுக்கு 5.

2 நிமிடத் தண்டனையில் எதிரணி கோல் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவர் வெளியே வந்துவிடுவார். 5 நிமிடத் தண்டனையில் எத்தனை கோல் விழுந்தாலும் முழு நேரமும் உட்கார வேண்டும். 1956 வரை 2 நிமிடத் தண்டனையும் அப்படித்தான் இருந்தது. 1955 நவம்பரில் மான்ட்ரியால் கனேடியன்ஸின் ஜான் பெலிவோ ஒரே பவர் பிளேயில் 44 விநாடிகளுக்குள் மூன்று கோல் போட்டார். அடுத்த பருவத்தில் விதி மாறியது.

புதியவர்களைக் குழப்பும் ஒரு தண்டனையும் உண்டு. தன் எல்லையில் இருந்து அடித்த பக் எதிலும் படாமல் பலகைக்கு மேலுள்ள கண்ணாடியைத் தாண்டிப் பறந்து வெளியேறினால் 2 நிமிடம். வேண்டுமென்றே செய்தாரா, கை தவறியதா என்ற கேள்வியே இல்லை.

நடுவர் கையைத் தூக்கிட்டார், ஆனா ஆட்டம் நிக்கல. கோல்கீப்பர் வேற பெஞ்சுக்கு ஓடுறார். என்ன நடக்குது?

தவறு நடந்துவிட்டது, ஆனால் பக் பாதிக்கப்பட்ட அணியிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் விசில் அடித்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம். அதனால் தவறு செய்த அணி பக்கைக் கைப்பற்றும் வரை நடுவர் காத்திருப்பார். கைப்பற்றிய கணத்தில் ஆட்டம் நிற்பதால் அவர்களால் கோல் போட முடியாது. எனவே காத்திருக்கும் அணி கோல்கீப்பரைத் துணிந்து எடுத்துவிட்டு ஆறாவது வீரரை இறக்குகிறது. ஒரே அபாயம், தங்கள் பாஸே தவறித் தங்கள் காலி கோலுக்குள் உருண்டுவிடுவது. அரிதாக அதுவும் நடந்திருக்கிறது.

இப்படி இடிச்சுத் தள்றாங்க, அது தப்பு இல்லையா?

பக் வைத்திருப்பவரை, அல்லது அந்தக் கணம் அதைக் கைவிட்டவரை, தோளாலோ இடுப்பாலோ இடிக்கலாம். தலையைக் குறிவைத்தால், முழங்கையைத் தூக்கினால், பின்னால் இருந்து தள்ளினால், தூரத்தில் இருந்து பாய்ந்து வந்தால், தற்காத்துக்கொள்ள முடியாதவரைப் பலகையில் மோதினால் தவறு. ஸ்டிக்கை இரு கைகளிலும் குறுக்கே பிடித்துத் தள்ளுவதும் தவறு.

நல்ல மோதலின் நோக்கம் ஆளைச் சாய்ப்பது அல்ல, பக்கைப் பிரிப்பது. இடித்த பிறகு பக் யாரிடம் போனது என்று பாருங்கள். அரங்கம் அதிர்ந்த மோதலில் இடித்தவரே ஆட்டத்துக்கு வெளியே போய், எதிரணி மூன்றுக்கு இரண்டாகப் பாய்வதும் உண்டு.

சண்டை போட்டா நடுவர் ஏன் சும்மா நிக்கிறார்?

சும்மா நிற்கவில்லை. ஸ்கேட் அணிந்து இருவர் குத்திக்கொள்ளும்போது நடுவில் புகுந்தால் எல்லோருக்கும் காயம். ஒருவர் விழுந்ததும் அல்லது பிடி தளர்ந்ததும் கோட்டு நடுவர்கள் பிரிப்பார்கள். என்.எச்.எல்.லில் இருவருக்கும் 5 நிமிடம். இரு தரப்பிலும் ஒவ்வொருவர் போவதால் தளத்தில் ஆள் குறையாது. வலியத் தொடங்கியவருக்குக் கூடுதல் தண்டனை உண்டு, மூன்றாவதாகப் புகுந்தவர் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். ஒலிம்பிக், உலகச் சாம்பியன்ஷிப் போன்றவற்றில் சண்டைக்கு வெளியேற்றம்தான், அதனால் அங்கே அநேகமாகப் பார்க்க முடியாது. சண்டைக்காக மட்டும் பார்க்க வருபவர் ஏமாறுவார், இப்போது பெரும்பாலான ஆட்டங்களில் ஒன்றுகூட இருப்பதில்லை.

பக் உள்ள போச்சு, கண்ணால பார்த்தேன். ஏன் கோல் இல்லைன்னாங்க?

பக் முழுவதும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும், விளிம்பு தொட்டுக்கொண்டிருந்தாலும் கோல் இல்லை. காலால் உதைத்தது செல்லாது, ஆனால் நிற்கும் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பினால் செல்லும். கோலின் மேல்கம்பிக்கு மேல் உயர்ந்த ஸ்டிக்கில் பட்டு உள்ளே போனால் செல்லாது.

பெரிய வாக்குவாதம் எல்லாம் கோல்கீப்பரை இடைஞ்சல் செய்ததா என்பதில்தான். க்ரீஸுக்குள் கோல்கீப்பரை நகரவிடாமல் தாக்குதல் வீரர் தடுத்தாரா, அல்லது தடுப்பு வீரரே அவரை உள்ளே தள்ளிவிட்டாரா என்பதை வைத்து நடுவர் முடிவெடுப்பார். இருபது வருடம் பார்த்தவர்களும் இதில் ஒத்துப்போவதில்லை. முன்கூட்டியே கணிக்க முயல வேண்டாம்.

கடைசி ரெண்டு நிமிஷத்துல தோக்குற அணி கோல்கீப்பரையே எடுத்துடுது. பைத்தியமா?

கணக்கு பார்த்தால் இல்லை. ஒரு கோலில் தோற்றாலும் இரண்டில் தோற்றாலும் தோல்விதான். ஆறுக்கு ஐந்து என்ற சாதகம் கிடைத்தால் சமன் செய்ய வாய்ப்பு கூடுகிறது. பெரும்பாலும் காலி கோலில் எதிரணி போட்டு ஆட்டத்தை முடித்துவிடும், ஆனால் சும்மா இருந்திருந்தாலும் தோல்விதானே. முன்பெல்லாம் கடைசி ஒரு நிமிடத்தில்தான் எடுப்பார்கள். இப்போது பயிற்சியாளர்கள் இரண்டு நிமிடம் இருக்கும்போதே எடுக்கிறார்கள், இரண்டு கோல் பின்தங்கியிருந்தால் இன்னும் முன்னதாக.

காலி கோலுக்குத் தன் பாதியில் இருந்து குறிவைத்துத் தவறவிட்டால் ஐசிங் ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். முன்னணியில் இருப்பவர் ஏன் அடிக்காமல் சிவப்புக் கோடு வரை பக்கைக் கொண்டுபோகிறார் என்பதற்கு விடை அதுதான்.

சமன் ஆனா என்ன? புள்ளிப் பட்டியல்ல மூணாவது ஒரு எண் வேற இருக்கே?

என்.எச்.எல். லீக் ஆட்டத்தில் 5 நிமிட ஓவர்டைம், கோல்கீப்பரைத் தவிர அணிக்கு மூன்று பேர், முதல் கோல் போட்டவர் வெற்றி. தளம் அவ்வளவு பெரிது, ஆள் இவ்வளவு குறைவு என்பதால் பக்கை வைத்திருப்பதே எல்லாம். கோல் வாய்ப்பு தெளிவாகக் கிடைக்காவிட்டால் அடிக்காமல் பின்னால் திரும்பிச் சுற்றுவார்கள், அதைக் கண்டு பொறுமை இழக்காதீர்கள். அதிலும் முடியாவிட்டால் ஷூட்அவுட்: அணிக்கு மூன்று பேர் தனித்தனியாகக் கோல்கீப்பரை எதிர்கொள்வார்கள்.

வெற்றிக்கு 2 புள்ளி, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1, வழக்கமான நேரத்தில் தோற்றால் பூஜ்யம். அந்த மூன்றாவது எண் ஓவர்டைம் தோல்விகள். உலகப் போட்டிகளில் வழக்கமான நேர வெற்றிக்கு 3, கூடுதல் நேர வெற்றிக்கு 2, கூடுதல் நேரத் தோல்விக்கு 1. இதுதான் நியாயமான முறை என்பது எங்கள் கருத்து.

லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் ஷூட்அவுட் கிடையாது. ஐந்துக்கு ஐந்தாக, 20 நிமிடப் பீரியட்களாக, கோல் விழும் வரை போகும். 1936 மார்ச்சில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ், மான்ட்ரியால் மரூன்ஸ் அணிகள் ஆறாவது ஓவர்டைம் வரை ஆடின. 116 நிமிடம் 30 விநாடி கூடுதல் நேரத்துக்குப் பிறகு டெட்ராய்ட் 1-0 என வென்றது.

பக்கைக் கையில வச்சு ஆடாம சும்மா மூலைக்கு அடிச்சுட்டுத் துரத்துறாங்களே, ஏன்?

நீலக் கோட்டில் மூவர் வரிசை கட்டி நிற்கும்போது பக்கோடு நுழைய முயன்று பறிகொடுத்தால், உங்கள் ஆட்கள் எல்லோரும் முன்னோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள், எதிரணி திறந்த வெளியில் எதிர்ப்பக்கம் பாயும். பக்கை இழக்க அதைவிட மோசமான இடம் இல்லை. மூலைக்கு அனுப்பினால் தடுப்பு வீரர்கள் முதுகைக் காட்டித் திரும்பி ஓட வேண்டும், பின்னால் வருபவர் அவர்களை இடித்துப் பக்கைப் பறிக்கலாம். ஆள் மாற்றவும் அவகாசம் கிடைக்கும்.

ஆனாலும் பக்கோடு நுழைந்தால்தான் ஷாட்கள் அதிகம் கிடைக்கும், திறமையான அணிகள் முடிந்தவரை அதைத்தான் செய்கின்றன. ஒரு பீரியட் முழுவதும் இதை மட்டும் எண்ணிப் பாருங்கள்: எந்த அணி எத்தனை முறை பக்கோடு நுழைகிறது, எத்தனை முறை மூலைக்கு அனுப்புகிறது. கோல் எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் ஆட்டம் யார் கையில் என்று தெரிந்துவிடும்.

எதிரணி நடுப்பகுதியில் நால்வரை நிறுத்தி வழியை அடைத்துவிட்டால் ஆட்டம் மந்தமாகும். 1995இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் இப்படி அடைத்து ஆடியே என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. நடுவில் இரண்டு கோடு தாண்டும் நீளப் பாஸுக்கு அப்போது தடை இருந்தது அவர்களுக்கு வசதி. 2005இல் என்.எச்.எல். அந்தத் தடையை எடுத்த பிறகு ஆட்டம் விரிந்தது.

பவர் பிளே நடக்கும்போது எல்லாரும் நின்ன இடத்துல பாஸ் பண்றாங்க. என்ன கவனிக்கணும்?

முதலில் நுழைவு. 2 நிமிடத்தில் பக்கை எல்லைக்குள் கொண்டுபோய் ஆட்களை நிறுத்தவே 20, 30 விநாடி போய்விடும். தடுக்கும் அணி இரண்டு முறை பக்கை வெளியே அடித்துவிட்டால் பாதி நேரம் காலி.

நுழைந்த பிறகு இப்போது அதிகம் காண்பது 1-3-1 அமைப்பு: நீலக் கோட்டருகே ஒருவர், நடுவில் குறுக்காக மூவர், கோலருகே ஒருவர். தடுப்பவர்கள் நால்வரும் சதுரமாகவோ வைரமாகவோ நிற்பார்கள். பாஸ் எல்லாம் அந்தச் சதுரத்தைக் குறுக்கே அறுப்பதற்காக. பக் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்குச் சதுரத்தின் ஊடாகப் போய்விட்டால் கோல்கீப்பர் முழு அகலமும் நகர வேண்டும், அவர் சேரும் முன் மறு ஓரத்தில் இருப்பவர் பக்கை நிறுத்தாமலே அடிப்பார். வாஷிங்டன் கேப்பிடல்ஸின் அலெக்ஸ் ஒவெச்கின் இடது ஃபேஸ்-ஆஃப் வட்டத்தில் நின்று பல வருடமாகச் செய்தது இதைத்தான். எல்லோருக்கும் தெரிந்தும் தடுக்க முடியவில்லை. கோலருகே நிற்பவரையும் மறக்காதீர்கள், கோல்கீப்பரின் பார்வையை மறைப்பதும் பக்கைத் தொட்டுத் திசைமாற்றுவதும் அவர் வேலை.

ஐந்து முறைக்கு ஒரு முறை கோல் வந்தால் அது நல்ல பவர் பிளே. ஒவ்வொன்றிலும் கோல் எதிர்பார்க்க வேண்டாம்.

ரெண்டாவது பீரியட்ல மட்டும் ஏன் தடுமாறுறாங்க?

ஒவ்வொரு பீரியடிலும் அணிகள் பக்கம் மாறுகின்றன, ஆனால் பெஞ்ச் மாறுவதில்லை. முதல், மூன்றாம் பீரியடில் அணி காக்கும் கோல் அதன் பெஞ்சுக்கு அருகில் இருக்கும். இரண்டாவதில் தூரமாகிவிடும். ஷிஃப்ட் பற்றிய பதிலில் சொன்ன சிக்கல் இங்கே இரட்டிப்பாகிறது: களைத்த தடுப்பு வீரர்கள் பெஞ்சுக்குப் போக நீலக் கோட்டைத் தாண்டி நடுப்பகுதி வரை ஓட வேண்டும். அவசரப்பட்டு மாறினால் பின்னால் யாருமே இல்லாமல் எதிரணி தனியாகப் பாயும். இரண்டாம் பீரியடில் கோல்கள் கூடுதலாக விழ இது முக்கியக் காரணம். லீக் ஆட்ட ஓவர்டைமிலும் இதே தூரம்தான்.

கோல்கீப்பர் நல்லா ஆடுறாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாய்ந்து பறந்து தடுப்பவர் சிறந்தவர் என்று தோன்றும். பெரும்பாலும் இடம் தவறியவர்தான் பறக்க வேண்டியிருக்கும். நல்லவர் முன்கூட்டியே சரியான கோணத்தில் நின்று, பக் வந்து அவர்மேல் படுவது போல ஆடுவார். அதனால் சுவாரசியம் இல்லாமல்கூடத் தெரியும்.

பட்டுத் திரும்பும் பக் எங்கே போகிறது என்று கவனியுங்கள். மூலைக்குத் தள்ளினால் நல்லது, நேர் எதிரே விட்டால் ஆபத்து. முட்டி போட்டு இரு கால்களையும் விரித்துக் கீழ்ப்பகுதியை மூடுவது இன்றைய வழக்கம், அதனால் குறிவைப்பவர்கள் மேல் மூலைகளையும் கால்களுக்கு நடுவிலான இடைவெளியையும் தேடுவார்கள். எண்ணில் பார்க்க வேண்டுமானால் தடுத்த விகிதம்: 100 ஷாட்டில் 90க்கு மேல் தடுத்தால் பரவாயில்லை, 92ஐத் தொட்டால் மிக நன்று. ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஷாட் எண்ணிக்கை, அசிஸ்ட், பிளஸ்-மைனஸ். இதுல எதை நம்பலாம்?

ஷாட் எண்ணிக்கையில் கோலாகவோ கோல்கீப்பர் தடுத்ததாகவோ முடிந்தவை மட்டுமே சேரும். கம்பத்தில் பட்டது, வழியில் மறித்தது, வெளியே போனது சேராது. ஆகவே 30க்கு 20 என்று இருந்தாலும் தூரத்தில் இருந்து அடித்த 30ஐவிடக் கோலருகே அடித்த 20 மேலானதாக இருக்கலாம்.

கோலுக்கு வழிவகுத்த பாஸ்தான் அசிஸ்ட், ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அது உண்டு. கோலும் அசிஸ்டும் ஒவ்வொரு புள்ளி. வேய்ன் க்ரெட்ஸ்கியின் மொத்தம் 2,857 புள்ளிகள், அதில் அசிஸ்ட் மட்டும் 1,963. கோல்களைக் கழித்துவிட்டாலும் லீக் வரலாற்றில் அவரே முதலிடம். அவருடைய 894 கோல் சாதனையை 2025 ஏப்ரலில் ஒவெச்கின் தாண்டினார். பிளஸ்-மைனஸ் என்பது ஒருவர் தளத்தில் இருக்கும்போது விழுந்த கோல்களின் கணக்கு: தன் அணி போட்டது கூட்டல், வாங்கியது கழித்தல். உடன் ஆடுபவர்களும் கோல்கீப்பரும் அதைப் புரட்டிவிடுவதால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அரங்கத்துக்குப் போறோம். எங்க உட்காரணும், என்ன தெரிஞ்சிருக்கணும்?

கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தால் வேகமும் சத்தமும் உடம்பில் படும், ஆனால் மறுகோடியில் நடப்பது தெரியாது. ஆட்டம் கற்றுக்கொள்ள உயரமான இருக்கைதான் நல்லது, நடுவிலோ மூலைப் பக்கமோ. ஐந்து பேரும் எப்படி அசைகிறார்கள் என்பது மேலிருந்துதான் தெரியும். சொந்த அணி இரண்டு பீரியடில் தாக்கும் கோல் வேண்டுமானால், விருந்தாளி அணியின் பெஞ்ச் உள்ள பக்கத்துக் கோலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே குளிரும், மேல்சட்டை ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

ஆட்டம் ஓடும்போது எழுந்து நடக்கக் கூடாது. விசிலுக்குக் காத்திருங்கள், இல்லாவிட்டால் படியிலேயே நிறுத்துவார்கள். மேல் அடுக்கில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் பின்வரிசைக்குத் தளமே தெரியாது. கோல்களுக்குப் பின்னால் வலை உண்டு. 2002இல் பக் பட்டு ஒரு சிறுமி இறந்த பிறகு என்.எச்.எல். அதைக் கட்டாயமாக்கியது. பக்கவாட்டில் வலை இல்லை, கைபேசியில் மூழ்கிவிடாதீர்கள். ஒருவர் மூன்று கோல் போட்டால் ரசிகர்கள் தொப்பிகளைத் தளத்தில் வீசுவார்கள். வீசிய தொப்பி திரும்பி வராது.

பெண்கள் ஆட்டம் வேற மாதிரி விதியா?

அடிப்படை ஒன்றே. உலகப் போட்டிகளில் பெண்கள் ஆட்டத்தில் ஆளை இடித்துச் சாய்ப்பதற்கு அனுமதி இல்லை, தோளோடு தோள் போராடலாம். 2024 ஜனவரியில் தொடங்கிய வட அமெரிக்கப் பெண்கள் லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். கூடுதல் உடல் மோதலை அனுமதிக்கிறது. அங்கே ஒரு அருமையான விதி உண்டு: ஆள் குறைந்த அணி கோல் போட்டால் அவர்களுடைய 2 நிமிடத் தண்டனை அங்கேயே முடிந்துவிடும். தடுக்கும் அணியும் தாக்கத் துணிவதால் பவர் பிளே இரு பக்கமும் கூராகிறது. மற்ற லீக்குகளும் எடுத்துக்கொள்ளலாம். புதியவர்களுக்கும் பெண்கள் ஆட்டத்தில் பாஸ் பின்னல் தெளிவாகத் தெரியும்.

ரெண்டு பேர் பெனால்டியில இருக்கும்போது கோல் விழுந்தா யார் வெளிய வருவாங்க?

இருவரும் 2 நிமிடத் தண்டனை என்றால் குறைந்த நேரம் மீதியுள்ளவர் வருவார். மூன்றாவது ஆளும் தவறு செய்தால் அவர் பெட்டிக்குப் போவார், ஆனால் தளத்தில் மூவருக்குக் கீழ் குறையாது. முதல் தண்டனை முடிந்த பிறகே அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்கும். இரு அணியிலும் ஒவ்வொருவருக்கு ஒரே நேரத்தில் 2 நிமிடம் கொடுத்து நாலுக்கு நாலாக ஆடும்போது கோல் விழுந்தால் யாரும் வெளியே வர மாட்டார்கள், ஏனென்றால் அங்கே எந்த அணிக்கும் சாதகம் இல்லை.

ஓவர்டைமில் ஏற்கெனவே மூவர்தான். அங்கே தண்டனை வந்தால் தவறு செய்த அணியைக் குறைக்க மாட்டார்கள், எதிரணிக்கு ஒரு ஆளைக் கூட்டி நாலுக்கு மூன்றாக்குவார்கள்.

அரை நிமிஷத்துக்கு முன்னாடி நடந்த ஆஃப்சைடுக்கு இப்ப கோலை ரத்து பண்றாங்களே, எப்படி?

2015-16 முதல் பயிற்சியாளர் கோலை எதிர்த்து முறையிடலாம். பக் எல்லைக்குள் நுழைந்தபோது ஆஃப்சைடாக இருந்து, அதன் பிறகு எல்லையை விட்டு வெளியேறாமலே கோல் விழுந்திருந்தால் கோல் ரத்து. இடையில் எத்தனை விநாடி ஓடியது என்பது கணக்கில்லை. ஒரு முறை பக் வெளியே வந்து மறுபடி நுழைந்திருந்தால் பழைய ஆஃப்சைடு செல்லாது. ரத்தானால் கடிகாரத்தையும் நுழைந்த நேரத்துக்குத் திருப்புவார்கள்.

முறையீடு தோற்றால் 2 நிமிடத் தண்டனை, அதே ஆட்டத்தில் மறுபடி தோற்றால் 4. கோல் வாங்கிய கையோடு பவர் பிளேயும் கொடுக்க யாரும் விரும்ப மாட்டார்கள். அதனால் பயிற்சியாளர் பெஞ்சில் உள்ள திரையைக் குனிந்து பார்த்து, உதவியாளரிடம் காதோடு கேட்டு, நேரம் கடத்துவார். அந்த இடைவெளியில் ஒளிபரப்பில் நீலக் கோட்டுக் கேமராக் காட்சி வந்தால், பக் கோட்டை முழுதாகத் தாண்டிய படத்தில் நிறுத்தி, பின்னால் இழுத்து வரும் காலைப் பாருங்கள். அவர் முறையிடுவாரா மாட்டாரா என்று நீங்களே சொல்லிவிடலாம்.